ஏழு செடிகளின் காவல்காரன்

ஏற்காடு விதைக்காப்பகத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொருவரும் என் முன்னால் நின்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகு தலைமுடி, நகக்கண், செருப்பின் அடி. கடைசியாக நுகர்மானி என்கிற மோப்பக் கருவி ஒரு சுற்று சுற்றும். அதை நான் நம்புவதில்லை. அது வாசனையைத்தான் கண்டுபிடிக்கும், ஆளைக் கண்டுபிடிக்காது.

உலகத்தில் மிச்சமிருந்த காபிச் செடிகள் ஏழு. ஏழும் எங்கள் கண்ணாடி அறைக்குள் இருந்தன. மற்றதையெல்லாம் இலைத்துரு நோய் தின்றுவிட்டது. முன்னொரு காலத்தில் இலங்கையின் காபித் தோட்டங்களை அழித்து, அந்த மலைகளைத் தேயிலைக்கு விட்டுக்கொடுத்ததும் இதே நோய்தான். வெளியே செடி இருந்தால் துரு பரவும் என்று, காபி வளர்ப்பவர்களுக்குப் பத்தாண்டு சிறை. மக்கள் குடிப்பது ஆலையில் கலக்கிய செயற்கைக் காபி.

அந்தக் காலத்தில் ஏமனில் விதை முளைத்துவிடக் கூடாதென்று வேகவைத்தே விற்றார்களாம். அப்படியும் ஒரு பெரியவர் ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து கர்நாடக மலையில் நட்டதாகக் கதை. எல்லோரும் அவரைக் கும்பிடுவார்கள். நான் மட்டும், அன்று துறைமுகத்தில் நின்ற காவல்காரன் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தான் என்று எரிச்சல்படுவேன்.

செடிகளைப் பராமரித்தவள் எஸ்தர். பதினோரு வருடமாகக் காலையில் என்னோடு காபி குடிப்பவள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வைத்த டம்ளரின் அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தது. மறுநாளும் அப்படியே. செயற்கைக் காபியில் மண்டி கிடையாது. கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிக் குடிப்பவர்களுக்குத்தான், மண்டி வாயில் வராமல் கடைசி வாயை விட்டுவைக்கும் பழக்கம் வரும்.

“என்ன எஸ்தர், மிச்சம் வெக்கிற?”

“போதும் சார்.”

“முன்னெல்லாம் ஒரு சொட்டு வெக்க மாட்டியே.”

அவள் டம்ளரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அது போதும் எனக்கு.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் பின்னால், பலாமர நிழலில், காய்த்துக் குலுங்கும் காபி மரத்தைப் பிடித்தோம்.

“தானா மொளச்சது சார். சுத்தி இருந்த காபியெல்லாம் துரு புடிச்சு செத்துச்சு. இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. ஒரு இலையாவது சோதிச்சுப் பாருங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா வெட்டிருவீங்களே சார்.”

மாட்டிக்கொண்ட எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். மரத்தை வேரோடும், வீட்டிலிருந்த கொட்டைகளைச் சாக்கோடும் எரித்தார்கள். எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

நான்கு மாதத்தில் கண்ணாடி அறைக்குள் துரு வந்தது. காற்றுக்குழாய் வழியாக என்றார்கள். ஏழும் ஒரே தாய்ச்செடியின் வாரிசுகள்; ஒன்று தாங்காததை எதுவும் தாங்காது. பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது.

காப்பகத்தின் இயக்குநர் நப்பின்னை வாசலுக்கே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“துரு இருக்கற வெளிக்காத்துல நின்னும் காய்ச்சிருந்துச்சே, எஸ்தர் சொன்னது நிஜந்தான் போலிருக்கு. அந்த மரம் சாம்பலாயிடுச்சு. வேற யாராவது, எப்பவாவது, உங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு கொட்டையாவது கொண்டு போயிருப்பாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு நாக்காக யோசித்தேன். ஒருமுறையாவது ஏமாந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“இல்ல மேடம். ஒருத்தரையும் விடல” என்றேன்.