கையெழுத்தில்லாத கண்ணாடி

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்!

நிலவறைச் சுவரில் மாட்டியிருந்த போன் அலறியது.

அதற்கு நேர் கீழே பேராசிரியர் திபேர் செத்துக் கிடந்தார்!

சொலேன் அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடத்தான் வந்தாள். அவர் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். கனத்த கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. குனிந்து நாடி பிடித்தபோது தலை கிறுகிறுத்தது. நிமிர்ந்ததும் தெளிந்தது.

போனை எடுத்தாள்.

"ஹலோ..."

யாரும் எடுக்க மாட்டார்கள் என்று உறுதி செய்துகொள்ள அடித்த போன் அது!

"சொலேனா?... நீ சாப்பிடப் போகலையா?"

குரல், அந்தக் கண்ணாடிப் பட்டறையின் இயக்குநர் ஆர்மெலுடையது.

"சார்! ப்ரொஃபசர் பேச்சுமூச்சில்லாம கிடக்கார்! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

"அடடா... அங்கேயே இரும்மா. இதோ வர்றேன்."

வேறெங்கே போவாள்? கதவின் உட்புறத்தில் கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. யாரோ கழற்றியிருந்தார்கள்!

சொலேன் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

அடியில் விளக்கெரியும் மேஜை மேல் புனித மார்கரீத்தின் முகம். த்ருவா நகரத்துப் பேராலயத்தின் வண்ண ஜன்னலிலிருந்து பழுதுபார்க்கக் கழற்றி வந்த, உள்ளங்கையளவு கண்ணாடி. வயது எண்ணூறு. இதுபோன்ற கண்ணாடிகளைக் காப்பாற்றும் வித்தையைத்தான் இரண்டு வருடமாக இங்கே படிக்கிறாள்.

திபேரின் கைக்குள் ஒரு கசங்கிய தாள். பிரித்தாள். சோதனைக் கருவி துப்பிய எண்களுக்குக் கீழே அவர் கிறுக்கியிருந்தார்.

'பொட்டாஷ் இல்லை. சோடா! இந்த முகம் புதுசு!'

அந்தக் காலத்தில் இங்கே கண்ணாடியை மரச் சாம்பல் போட்டுத்தான் உருக்கினார்கள். சோடா உப்புப் போடுவது இந்தக் காலத்து வழக்கம். சாம்பலின் பொட்டாஷ் இல்லையென்றால்...

அசல் போய்விட்டது! கிடப்பது போலி!

நிமிர்ந்தாள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் ஆர்மெலின் முகம். அவர் கதவைத் திறக்கவில்லை. வெளிச்சுவரிலிருந்த போனை ஒரு கையால் எடுத்தார். மறு கையால் ஒரு குழாயைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஆர்கான்! பழங்கண்ணாடியைக் காற்று அரிக்காமலிருக்க அந்த அறையில் நிரப்பும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிடக் கனம். குனிந்தபோது தலை ஏன் சுற்றியது, திபேர் எப்படிச் செத்தார் என்று இப்போது புரிந்தது.

"கதவைத் திறங்க சார்!" சொலேன் ரிசீவரில் கத்தினாள்.

"திறப்பேன்மா. ரெண்டு மணிக்கு. எல்லாரும் சாப்பிட்டு வந்ததும் நானே திறந்து, நானே கத்தி, நானே அழுவேன்."

"பாவி! அசலைத் திருடினது நீங்கதானா?"

"முப்பது வருஷமா அவளைத் துடைச்சுத் துடைச்சுக் காப்பாத்தினவன் நான். எனக்கில்லாத உரிமையா? திபேர்கிட்ட கெஞ்சினேன். கேக்கலை."

மணி பன்னிரண்டு இருபது. த்ருவாவில் இரண்டு மணி வரை ஈ காக்கா நடமாடாது. சுவர் போன் பட்டறைக்குள் மட்டும்தான் பேசும்; நிலவறையில் செல்போன் எடுக்காது. கத்தினாள். கத்தல் சுவரில் மோதி அவளிடமே திரும்பியது. அழுகை முட்டியது. சாக அவளுக்கு இஷ்டமில்லை. இருபத்தாறு வயதில் யாருக்குத்தான் இஷ்டம்?

கண்ணாடி முகத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேல் ஏறி நின்றாள். போன் வடம் விறைத்தது.

"மேல ஏறிட்டியா? கெட்டிக்காரி! என் மாணவியாச்சே. இன்னும் இருபது நிமிஷம் தாங்குவே."

யோசி சொலேன்... யோசி!

கண்ணாடியைத் திருப்பினாள். அந்தப் பட்டறையில் யார் நகல் செய்தாலும் பின்பக்க மூலையில் வைர ஊசியால் பெயரும் வருடமும் கீற வேண்டும். கீறாவிட்டால் அது நகல் அல்ல, மோசடி. முதல் நாள் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியதே ஆர்மெல்தான்.

மூலை வெறுமையாக இருந்தது. எந்தத் திருடன் கையெழுத்துப் போடுவான்?

சொலேன் திடீரென்று சிரித்தாள்.

"சார்... நீங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது பரீட்சைக்கு நான் செஞ்ச காப்பி!"

"என்ன உளர்றே?"

"ப்ரொஃபசருக்கு உங்க மேல எப்பவோ சந்தேகம். அசலை ஒளிச்சுட்டு என் காப்பியை மேஜையில வச்சார். நீங்க அதைத் திருடிட்டு உங்க போலியை வச்சீங்க. இன்னிக்கு அதையும் எடுத்துட்டு அசலைத் திருப்பி வச்சிட்டார். இதோ, என் கையில!"

"பொய்! நான் எடுத்ததுல பெயரே இல்லை. பார்த்தேன்!"

"போட மறந்துட்டேன் சார். அதுக்குத்தான் என்னை ஃபெயில் பண்ணினார். மார்க் இன்னும் உங்க மேஜைக்கு வரலை, அவ்வளவுதான்."

ஆர்மெலின் நெற்றி வியர்த்தது.

"தி... திருப்பிக் காட்டு!"

காட்டினாள். பெயரில்லை. அதிலும் இல்லை, இதிலும் இல்லை. இப்போது எது அசல்?

"எனக்கு மூச்சு முட்டுது சார். நான் மயங்கினா இவளும் சிமெண்ட் தரையில விழுவா. எண்ணூறு வருஷம்... சில்லு சில்லா!"

"வேண்டாம்! கையை ஆட்டாதே! பைத்தியக்காரி!"

பூட்டு திறந்தது. ஆர்மெல் பாய்ந்து வந்தார்.

சொலேன் விரல்களை விரித்தாள்.

முப்பது வருடப் பழக்கம் அவரை யோசிக்க விடவில்லை. தரையோடு தரையாகத் தாவினார். ஒரு சாண் உயரத்தில் பிடித்தேவிட்டார்! நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு பெருமூச்சு இழுத்தார்.

தரையில் தேங்கியிருந்ததோ ஆர்கான்!

எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. திபேருக்குப் பக்கத்திலேயே சாய்ந்தார்.

சொலேன் மூச்சை அடக்கிக் குதித்தாள். வெளியே ஓடி, குழாயை மூடி, காற்றை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

மாலை. போலீஸ் கேப்டன் வெர்ணியே கையுறை போட்டுக்கொண்டு அந்த முகத்தைப் பயபக்தியோடு தூக்கிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ஆர்மெல் பிழைச்சுட்டான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல விலங்கு மாட்டியிருக்கோம். அதிருக்கட்டும்... எண்ணூறு வருஷத்து அசலைக் கீழ போட எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"அசலா? அது அவர் வீட்டுலதான் இருக்கும் சார். பரீட்சைக்கு நான் செஞ்சது ஒரு கழுதைத் தலை!"

கேப்டனின் வாய் பிளந்தது.

"அப்ப... இது?"

"அவர் செஞ்ச போலி."

"தன் கைவேலை தனக்கே தெரியலையா?"

"அவ்வளவு பிரமாதமா செஞ்சிருக்கார் சார். பெயரைப் போட்டிருந்தா நீங்க பிடிச்சிருப்பீங்க... போடலை, அவரே வந்து பிடிச்சுக்கிட்டார்!"