ஆளுக்கொரு பிரதி

எதிர் உளவுப் பிரிவில் இருவர் ஒரே கோப்பைப் பற்றிப் பேசிக்கொள்வது குற்றம். பிரதிமாற்றி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஓர் அறிக்கை உள்ளே போனால் ஆளுக்கொரு பிரதி வெளியே வரும். ஒருவருடையதில் பெட்டிகள் எட்டு, இன்னொருவருடையதில் ஒன்பது. எதிரி ஒன்பது பெட்டிகளைத் தேடினால், காட்டிக்கொடுத்தவர் யாரென்று அன்றே தெரிந்துவிடும். மூலத்தை இயந்திரம் அழித்துவிடும். இல்லாவிட்டால் அதையே யாராவது திருடலாம் அல்லவா? வேலையின் முடிவைப் பாதிக்காத சின்ன விவரங்களை மட்டுமே அது மாற்றும். வந்த புதிதில் ஒற்றர்கள் வரிசையாகச் சிக்கினார்கள். பிறகு கசிவே இல்லை.

பிரிவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு நிறைமதிக்கு வந்தபோது, அவள் ஒப்புக்கொண்டது உடன் வேலை பார்த்த கபீருக்காக. எண்ணூர்த் துறைமுகத்தில் ஓர் ஒற்றனை மடக்கிய அன்று, கபீர் சரக்கு இறக்கும் நடு மேடையில் தனியாக நின்று குண்டடிபட்டு இறந்தான். துணை நிற்க வேண்டியவர்கள் அவளும் மேலதிகாரி யாகப்பனும். அவள் வடக்கு மேடையில் காத்திருந்தாள். யாகப்பன் வரவே இல்லை. விசாரணை நடந்தது. விசாரித்தவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதிதான். அதன்பிறகு அவள் அவரோடு பேசியதில்லை.

கபீர் ஏன் செத்தான் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றுப் பொன்னேரியில் இருந்த யாகப்பனைச் சந்திக்க அனுமதி வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. “இங்க வர்றதுக்கு வழி தெரிஞ்சுதா? அன்னைக்குத் தெற்கு மேடைக்கு வரத் தெரியலையே.”

“எனக்கு வந்த உத்தரவுல வடக்கு மேடை சார்.”

யாகப்பன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். மூவருக்கும் மூன்று மேடைகள். ஒற்றன் எப்படியும் பிடிபடுவான் என்று கணக்குப் போட்ட இயந்திரத்துக்கு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பது சின்ன விவரம்.

அவள் அதை அப்படியே எழுதினாள். இயக்குநர் ஒரு வரியையும் வெட்டவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியம். ரகசிய ஆவணம் என்பதால் புத்தகமும் பிரதிமாற்றி வழியாகவே போனது. தன் பிரதியைப் புரட்டிப் பார்த்தாள். அன்று மழை பெய்ததாக இருந்தது, மற்றதெல்லாம் சரி. நிம்மதியாக மூடி வைத்தாள்.

தகவல் தந்தவர் என்பதால் ஒரு பிரதி பெற்றிருந்த யாகப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“எனக்கு வந்த புத்தகத்துல கபீர் பொழச்சிட்டான்மா. தோள்ல காயமாம். ஊர்ல பிள்ளைகுட்டியோட இருக்கானாம்.”

ஒற்றன் பிடிபட்டது இரண்டு பிரதிகளிலும் ஒன்றே; கபீரின் உயிர் சின்ன விவரம். புதிதாகச் சேர்ந்து இந்த வரலாற்றைப் படிக்கிறவர்களில் யாருக்குக் கபீர் சாவான், யாருக்குப் பிழைப்பான் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றம். இந்தத் தொலைபேசிப் பேச்சும் குற்றந்தான்.

“அந்தப் பக்கத்தப் படிங்க சார்,” என்றாள் நிறைமதி. “மெதுவாப் படிங்க.”