பதினாலாம் நம்பர் கொக்கி

சிட்டுவுக்கு எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும். படிக்கட்டைக் கூட எண்ணாமல் ஏற மாட்டாள். பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் படகுத்துறை அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். அம்மாதான் அங்கே பொறுப்பாளர். எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பி வந்தது என்று நோட்டில் குறித்து வைப்பது அம்மாவின் வேலை.

அன்று மதியம் வெயில் பளிச்சென்று அடித்தது. அப்போதுதான் ரேடியோ கரகரத்தது.

"கரையோரக் கடல் பகுதிக்கு எச்சரிக்கை. இன்னும் ஒரு மணி நேரத்தில் பலத்த காற்றுடன் இடிமழை வரும். படகுகள் உடனே கரை திரும்பவும்."

அம்மா சைரனை மூன்று முறை ஒலிக்க விட்டார். சிட்டு ஓடிப்போய் ஆரஞ்சுக் கொடியை ஏற்றினாள். ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது. வந்தவர்கள் உயிர்காப்புச் சட்டைகளைக் கழற்றிக் கொக்கிகளில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள்.

"ஒன்பது படகு போச்சு, ஒன்பதும் வந்தாச்சு" என்று அம்மா நோட்டை மூடினார்.

சிட்டு சட்டைகளை எண்ணினாள். இருபது கொக்கி. பத்தொன்பது சட்டை. பதினாலாம் நம்பர் காலி.

"அம்மா, ஒரு சட்டையைக் காணோம்."

"யாராவது ஞாபகமில்லாம போட்டுக்கிட்டே போயிருப்பாங்க. போன வாரம் தபால்காரர் அப்படித்தானே வீடு வரைக்கும் போயிட்டாரு."

இருக்கலாம். ஆனாலும் சிட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. கொக்கியின் அருகே போய்ப் பார்த்தாள். சுவரில் கறுப்பாக எண்ணெய்க் கறை, ஒரு கட்டை விரல் அளவுக்கு. அப்படிக் கை வைப்பவர் இங்கே ஒருவர்தான்.

பட்டறைக்கு ஓடினாள். மெக்கானிக் மாமா இல்லை. அவருடைய கருவிப் பெட்டியும் இல்லை. போன் மட்டும் சார்ஜில் கிடந்தது.

வெளியே மீன்கார அண்ணன் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மெக்கானிக் மாமாவைப் பாத்தீங்களா?"

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, காலையில நான்தானே அவரை வெள்ளைப் படகுல இறக்கிவிட்டேன். இன்ஜின் பாக்கணும்னாரு. அப்புறமா வந்து கூட்டிக்கறேன்னு சொல்லிட்டு மறந்தே போயிட்டேன்."

வெள்ளைப் படகு அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றது. அது எங்கும் போகவில்லை. அதனால் நோட்டிலும் இல்லை.

இருவரும் ஓடிவந்து சொன்னதும் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. போய்ட்டு வர இருபது நிமிஷம் போதும். தம்பி, சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க." பிறகு சிட்டுவைத் திரும்பிப் பார்த்தார். "நானும் வரேன்னு சொல்லாத."

"சொல்லல. இங்க ரேடியோகிட்ட யாராவது இருக்கணும்ல."

மீட்புப் படகு கிளம்பியது. சிட்டு ஜன்னல் ஓரத்தில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். மேற்கே மேகம் மைபோலக் கறுத்து வந்தது. அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா, மின்னல் தெரியுது. இன்னும் தூரத்துலதான் இருக்கு."

"சரி கண்ணு. அவரை ஏத்தியாச்சு. வந்துக்கிட்டே இருக்கோம்."

மூவரும் அலுவலகத்துக்குள் காலை வைக்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. மெக்கானிக் மாமாவின் முகமெல்லாம் கரி.

"சைரன் கேக்கலையா மாமா?"

"இன்ஜினை ஓட விட்டுட்டு அதுக்குள்ள தலையை விட்டிருந்தேன். எங்க கேக்கும்? இடி இடிச்சதும் இன்ஜின்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு, இருந்த நட்டையெல்லாம் கழட்டிட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீன்கார அண்ணன் மட்டும் சிரிக்காமல், "மன்னிச்சிருங்கண்ணே" என்றார். மாமா அவர் தோளில் தட்டினார். அண்ணனின் சட்டையிலும் கரி ஒட்டிக்கொண்டது.

வெளியே காற்று ஊளையிட்டது. மழைத் திரையில் வெள்ளைப் படகு குதியாட்டம் போட்டது.

அம்மா நோட்டைத் திறந்து, படகுகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "இனிமே ஆளையும் எழுதணும். நீயே ஆரம்பி."

சிட்டு பேனாவை எடுத்தாள். மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதற?"

"உங்க பேரை மாமா. பக்கத்துல 'வந்தாச்சு'ன்னு."