காணாமல்போன நாற்பது லிட்டர்

ஏழாம் கிணற்றில் அன்று காலையும் நாற்பது லிட்டர் குறைந்தது. நித்திலா அளவுகலத்தை மூன்றாம் முறையாகக் கழுவித் துடைத்து மறுபடி அளந்தாள். நாற்பதேதான்.

கருமேட்டில் இப்போது யாரும் நிலக்கரியை வெட்டுவதில்லை, கரைக்கிறார்கள். கிணறு வழியே சூடான கரைப்பானை இறக்கினால், இருநூறு அடிக்குக் கீழே கரி ஊறி, உப்பி, குழம்பாகி மேலே வரும். அதைக் காய்ச்சி வடித்தால் கரைப்பான் பிரிந்துவிடும். மறுநாள் அதே கிணற்றுக்குள் போகும். அரோமேட்டிக் கரைப்பான் என்று மாலைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணம் என்னவோ அந்துருண்டை மணம்தான். கரித்தாரிலிருந்தே எடுத்தது. இரண்டும் ஒரே வார்ப்பு என்பதால்தான் கரி அதற்கு இளகிக்கொடுக்கிறது. தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் கோடாரிக்காம்பு.

ஆயிரம் லிட்டர் இறக்கினால் பதினைந்து லிட்டர் சக்கையில் தங்கிவிடும். அது வழக்கம். பங்குனியிலிருந்து நாற்பது காணாமல் போகிறது. வடக்கே புதுக் குடியிருப்பின் அடியில் ஓடும் கரிப்படுகைக்குக் கரைப்பான் வழி கண்டுபிடித்திருந்தால், முந்நூறு வீடுகளுக்குக் கீழே நிலம் பொந்தாகிக்கொண்டிருக்கும்.

பம்பை நிறுத்தும் அதிகாரம் மனிதர் யாருக்கும் இல்லை. எல்லா அளவுகளையும் வாங்கிச் சீர்தூக்கும் ‘நிதானி’ என்ற பொறிக்கு மட்டுமே உண்டு. அளந்தவருக்கே ஐயமிருந்தால் எண்ணோடு கேள்விக்குறி போடலாம். அந்த அளவை நிதானி ஒதுக்கிவிடும்.

அடுத்த ஷிப்டுக்கு வந்த தணிகைவேல் அவளுடன் மாலைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காருபவன்.

“நாப்பதுண்ணே. வால்வ லேட்டா மூடிட்டனோ?”

“கலத்த மூணு தடவ கழுவுறவ, வால்வ மட்டும் விட்டுடுவியா?” என்று சிரித்தான். “சந்தேகம்னா கேள்விக்குறி போட்டுடு நித்தி. தெரியாததத் தெரியும்னு சொல்றதுதான் தப்பு.”

“உங்க ஷிப்டுல எவ்ளோ வருது?”

“பதினஞ்சு. வேற என்னா வரும்?”

அப்படியானால் பிசகு தன்னுடையதுதான். கேள்விக்குறி போட்டாள். நாட்குறிப்பில் எழுதினாள்: ‘நாற்பது. என் கை பிசகியிருக்கலாம்.’

வைகாசியில் தேர்வு வந்தது. பாடக்குறிப்பு எடுக்க என்று தணிகை அவள் நோட்டை வாங்கிப்போனான். முன்பக்கம் பாடம், பின்பக்கம் நாட்குறிப்பு. அதே வாரம் அவள் ஒருவழியாகத் துணிந்து, ஏழாம் கிணற்றைச் சோதிக்கும்படி மனு எழுதினாள். விசாரணைக்குப் போனபோது அதிகாரியின் மேசைமேல் அவள் நோட்டு விரிந்து கிடந்தது.

“அம்பத்திரண்டு எடத்துல ‘என் கை பிசகியிருக்கலாம்’னு நீயே எழுதியிருக்கியேம்மா!”

பக்கத்தில் நின்ற தணிகை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளைக் குப்பி கழுவும் அறைக்கு மாற்றினார்கள். தணிகை மேற்பார்வையாளரானான், புதுக் குடியிருப்பில் வீடும் கிடைத்தது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை ஊருக்குப் படித்துக்காட்டிவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் அவன்மேல் கோபப்படவும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு: பின்பக்கத்தைப் படிக்காதே என்று நாம் சொல்லவில்லையோ?

ஆடியில் ஒரு காலை, தணிகை கழுவும் அறை வாசலில் வந்து நின்றான்.

“நித்தி, வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது. நெலை சாஞ்சிருக்கு. கொழாத் தண்ணியில அந்துருண்ட வாசம்.”

அவள் குப்பியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“எனக்கும் நாப்பதுதான் வந்துச்சு. மொதல்லேர்ந்தே.”

அவள் குப்பியைக் கீழே வைத்தாள்.

“பதினஞ்சுன்னு போட்டீங்க.”

“கெணறு நின்னா சூப்பர்வைசர் போஸ்ட் வராதுன்னாங்க... வீட்ல கொழந்த இருக்குது, நித்தி. நீயே வந்து அளந்து போடு. நீ அளந்தா பிசகாது.”

இதை அவன் பங்குனியில் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்நூறு வீடுகளிலும் குழந்தைகள் இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு அவனோடு ஏழாம் கிணற்றுக்கு நடந்தாள்.

அறுபத்திரண்டு. கலத்தைக் கழுவி மறுபடி அளந்தாள். அறுபத்திரண்டு. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்விக்குறி இல்லாமல் ஓர் எண்ணை நிதானிக்குள் பதித்தாள். தணிகையும் அளந்து, அதே எண்ணைத் தன் பெயரில் பதித்தான்.

நான்கு மாதங்களாக நிதானி படித்த பாடம் ஒன்றே: பதினைந்து என்பது உறுதி, அதற்கு மேல் வருவதெல்லாம் அளந்தவரே நம்பாதது. திரையில் இரண்டு எண்களின் பக்கத்திலும் கேள்விக்குறி தானாக வந்து உட்கார்ந்தது.

“அழி அத!” என்றான் தணிகை.

அழித்தாள். மறுபடி வந்தது. பம்பு ஓடிக்கொண்டேயிருந்தது.

“என்கிட்ட கத்துக்கிச்சுண்ணே,” என்றாள். “எல்லா வீட்டையும் இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க.”

“ஆதாரம் கேப்பாங்களே?”

“என் நோட்டு ஆபீசர் மேசையிலதான இருக்கு. அம்பத்திரண்டு நாள் அளவு இருக்குது. போங்க. அவ கை பிசகலன்னு உங்க வாயால சொல்லி வாங்கிட்டு வாங்க.”