சாயம் போடாத ஸ்லைடு

விளக்கு எரியட்டும், கண்ணுகளா. இது பட்டப்பகலில், ஓர் இருட்டறையில் நடந்தது.

மாட்டு நோய் ஆய்வகத்தில் அவளுக்கு ஆந்தை என்று பட்டப்பெயர். வேலை நேரமெல்லாம் ஜன்னலில்லாத அறைக்குள் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பாள். அன்று காலையும் வழக்கம்போல வந்து, செருப்பை மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்தினாள். வழக்கமில்லாதது ஒன்றுதான். மேசையிலிருந்த மூளைச் சீவல் அவள் தங்கையின் கன்றுக்குட்டியுடையது.

கன்று செத்துவிட்டது. மிச்ச மாடுகளைக் கொட்டகையோடு பூட்டி வைத்திருந்தார்கள். கிருமி உயிரோடு இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால், சாயங்காலத்துக்குள் அத்தனையையும் ஊசி போட்டுப் புதைத்துவிடுவார்கள்.

சீவலில் ஒரு சாயம் போடுவார்கள். கிருமியின் உடம்புத் துணுக்கு எங்கே ஒட்டியிருந்தாலும் அது நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். மின்னியது. ஆனால் உயிருள்ள கிருமியென்றால், புட்டியில் வளர்த்த செல்களைக் கொன்றிருக்க வேண்டுமே? கன்றின் சதைச் சாற்றை ஊற்றி ஊற்றிப் பார்த்தாயிற்று. செல்கள் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

கிருமி போய்விட்டது. அதன் தடம் மட்டும் சதையில் தங்கிவிட்டது.

"தங்கச்சி மாடுன்னு தயங்கறியாம்மா?" என்றார் டாக்டர், கதவுக்கு வெளியிலிருந்து.

"யார் மாடா இருந்தாலும் புட்டி பொய் சொல்லாது சார்."

"பச்சையும்தான் பொய் சொல்லாது. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லு."

குனிந்தாள். அந்தப் பச்சை பார்க்கப் பார்க்க மங்கிப்போகும். விளக்கு வெளிச்சமே அதைத் தின்றுவிடும். அதனால்தான் அந்தத் தொழிலில் எல்லோரும் அவசரமாகப் பார்ப்பார்கள்.

அன்று அது மங்கவில்லை.

பார்க்கப் பார்க்கப் பளிச்சென்று ஏறியது.

ஈரத்தோல் வாசனை வந்தது. புளித்த பால் வாசனை வந்தது. பிடரியில் இதமான மூச்சு ஒன்று பட்டது. அவள் திரும்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவென்று சாயமே போடாத ஸ்லைடு ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்து வைத்தாள். அது கன்னங்கரேலென்று இருக்க வேண்டும்.

அதிலும் பச்சை.

புள்ளிகள் ஊர்ந்தன. ஒன்றுகூடின.

மைக்ரோஸ்கோப் குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

போன் அதிர்ந்தது. தங்கை. "அக்கா, ஆளுங்க குழி தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க. மாடெல்லாம் என் மூஞ்சியவே பாக்குது. ஏன்க்கா பேச மாட்டேங்கற?"

காதோரம் கிசுகிசுப்பு. "நான் இருக்கேன்னு சொல்லு."

"அக்கா," என்றது போன், "கூட யாரு பேசறது?"

அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. சில்லிட்ட இடத்திலேயே கோபம் பற்றிக்கொண்டது. கடிக்க முடியாது, வளர முடியாது. பார்க்கப்படுவதைத் தவிர இதற்கு வேறென்ன தெரியும்?

"ஒரு செல்லைக்கூட உன்னால தொட முடியல," என்றாள் மெதுவாக. "நான் பயந்தாத்தான் உனக்குப் பல்லு."

விளக்கை அணைத்தாள். பச்சை அணையவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"துணுக்கு இருக்கு சார். உயிருள்ள கிருமி இல்ல. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்."

"உருளட்டும் சார். மாடு உருளாது."

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். "குழிய மூடிட்டாங்கக்கா. எல்லாம் தண்ணி குடிக்குதுங்க. அந்தக் கொம்பு உடைஞ்சவ வாளியவே முட்டிக் கவுத்துட்டா, திமிரு." சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

மேசையைத் துடைக்க அவள் மறுபடி உள்ளே போனாள். ஸ்லைடுகள் இரண்டும் இருண்டு கிடந்தன. நிம்மதியாகக் கையுறையைக் கழற்றினாள்.

நீல விளக்கு எரியவில்லை. ஆனாலும் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், நரம்பின் வழியே மெல்லிய பச்சை ஓடியது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடினாள்.

"இருந்துட்டுப் போ," என்றாள். "மாடு மட்டும் உனக்குக் கிடையாது."

விரலை வைத்துப் பார்த்தாள். அவள் நாடி துடித்தது.

அதன் பின்னாலேயே, சற்றுப் பிந்தி, இன்னொன்றும்.