உறைக்குள் இரண்டு விரல்

இரண்டு வீடு தள்ளி மெய்மணி அடித்தது. தெருவின் கடைசி வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் அழுகை. பிறகு வண்டிக் கதவு சாத்தப்படும் சத்தம்.

"ரொட்டிக்கடைக்காரன் வீடு," என்றாள் ருகையா, சன்னல் திரையிலிருந்து கையை எடுக்காமல். "அடுத்தது தையல்காரி. அதுக்கடுத்து நாமதான். மச்சான், என்ன செய்யப் போறிய?"

அவள் கணவர் மகுதூம் பரணை அண்ணாந்து பார்த்தார். காயல்பட்டினத்திலிருந்து வந்து, இந்த ஐரோப்பியத் துறைமுக நகரத்தின் கல்கடைத் தெருவில் பாதி ஆயுளை நீலமும் கெம்பும் என்று ரத்தினக் கற்கள் விற்றே கழித்தவர். எப்பேர்ப்பட்ட சங்கடத்துக்கும் ஒரு விலை சொல்லி வெளியே வந்துவிடும் நாக்கு அவருடையது. அந்த நாக்கு இன்றைக்கு வறண்டு கிடந்தது. தலைக்கு மேலே, பட்டறைப் பரணில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவருடைய தொழில் கூட்டாளி மெண்டலும், மெண்டலின் மகள் ஹன்னாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நகரத்தைப் பிடித்த படை வீடு வீடாக யூதர்களைத் தேடிக்கொண்டிருந்தது. பரணில் ஏறுவது, அலமாரியை நகர்த்துவது என்ற வேலையெல்லாம் அதற்கு இல்லை. வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்காரர் வாய் திறந்து பதில் சொன்னால் போதும். வாயே திறக்காவிட்டால் அதுவும் பொய் என்றே வைத்துக்கொள்வார்கள். மற்றதை மெய்மணி பார்த்துக்கொள்ளும்.

மெய்மணி என்பது தேங்காய் அளவில் ஒரு கருவி. அதன் நாடித்தட்டில் விரல்நுனியை வைத்துக்கொண்டு பேச வேண்டும். மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றும் இருந்தால் நாடி ஒரு துள்ளு துள்ளும். எவ்வளவு பெரிய புளுகனாலும் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. மணி அடித்துவிடும்.

அதை இந்தத் தெருவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவரே மகுதூம்தான்.

கல் வியாபாரிகள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு பேரத்தில், எட்டுக் கல் என்று விரலைப் பிடித்த ஒருவன் ஏழு கல்லை அனுப்பிவிட்டு, "ஏழுதான் பிடிச்சேன்" என்று சாதித்தான். மகுதூமுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மெய்மணி வந்தே தீர வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கிச் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். மெண்டல் மட்டும் கை தூக்கவில்லை.

"காக்கா, பொய் இல்லைன்னா நான் இல்லை," என்றார் மெண்டல், அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் காயல்பட்டினத்துக்குப் போய் வந்து பழகிய தமிழில். "அந்தப் பெரிய போர்ல எங்க பாட்டனாரோட அப்பாவை ஒரு சலவைக்காரி அழுக்குமூட்டைக்குள்ள போட்டுக் கட்டி வச்சா. வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்ட 'யாருமே இல்லை'ன்னு சொன்னா. மாட்டியிருந்தா அவளையும் சேர்த்துச் சுட்டிருப்பான். அவ கையில இந்த மணி இருந்திருந்தா, இன்னைக்கு உங்ககூட மல்லுக்கட்ட நான் ஏது?"

"அது போர்க்காலம்யா. இப்ப எவன் போருக்கு வாரான்?"

"வருவான். அப்ப இந்த மணியையும் தூக்கிக்கிட்டு வருவான்."

மெண்டலைத் தவிர எல்லோரும் சம்மதித்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பேரத்தில் கை வெளியே தெரிந்தால் தொழிலுக்கே அவமானம். ஆகவே நாடித்தட்டைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி உறை தைக்கப்பட்டது. கேட்பவர் ஒரு பக்கம் கைவிட்டுத் தட்டின் அடியைப் பிடித்துக்கொள்வார். சொல்பவர் மறுபக்கம் கைவிட்டு விரலை வைப்பார். பின்னாளில் இந்தக் கருவியை ஆயிரக்கணக்கில் செய்துகொண்ட படை, உறையையும் அப்படியே தைத்துக்கொண்டது. அது எதற்கு என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

கதவு இடிபட்டது. வெளியே யாரோ அதட்ட, அவன் சட்டையில் குத்தியிருந்த மொழிமாற்றி அதைத் தேன் தடவிச் சொன்னது: "மதிப்பிற்குரிய வணிகரே, தயவுகூர்ந்து கதவைத் திறக்கவும். இல்லையேல் உடைக்கப்படும்."

ருகையா திறந்தாள். இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்கு முன்னால், கையில் மெய்மணியோடு ஒரு தலைவன். அது மகுதூமுக்குத் தெரிந்த முகம். ரூலன்! இதே தெருவில் கல்லுக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தவன். மகுதூமின் கற்களே அவன் கையில் எத்தனையோ முறை உருவம் கொண்டிருக்கின்றன. இப்போது முன்பின் தெரியாதவனைப் போல நின்றான்.

"தேத்தண்ணி போடட்டா?" என்றாள் ருகையா.

"பிறகு," என்றான் ரூலன். "உறைக்குள் கையை விடுங்கள்."

மகுதூம் உறைக்குள் கைவிட்டார். தட்டைத் தேடினார். தட்டு அகப்படவில்லை. தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் இருந்தது. தட்டின் மேல் வேறு விரல் படாதபடி அழுத்தமாக உட்கார்ந்திருந்த, ரூலனின் விரல்.

மகுதூம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் பின்னால் நிற்கும் சிப்பாய்கள் பார்ப்பார்கள். துணிக்கடியில் இன்னொரு கை பட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். அவை தாமாகவே ரூலனின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தன. என்னிடம் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

ரூலனின் கை அந்தப் பிடியை உதறியது. பிறகு மகுதூமின் இரண்டு விரல்களை மட்டும் பிடித்தது. உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டியது.

உள்ளங்கையில் தட்டினால், சரக்கு உன் பொறுப்பில் என்று பொருள். என்ன சரக்கு? இரண்டு என்ன? சட்டென்று நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு மோதிரக் கல் வாங்க வந்த ரூலனோடு ஒரு பெண் வந்திருந்தாள். மெண்டலின் தொழுகைக்கூடத்துக்கு வரும் யூதப் பெண்.

இரண்டு ஆள்!

பரணில் ஏற்கெனவே இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்கே காலை நீட்ட இடமில்லை. உயிர் ஊசலாடும் அந்த நேரத்திலும் மகுதூமின் விரல் தொழில்புத்தியைக் காட்டியது. ரூலனின் ஒற்றை விரலைப் பிடித்தார். ஒன்று.

ரூலனின் நகம் சதையில் இறங்கியது. இரண்டு.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றான் பின்னால் நின்ற சிப்பாய்.

"கிழவருக்குக் கை நடுங்குகிறது," என்றான் ரூலன், சாவதானமாக. "தட்டில் விரல் நிற்கவில்லை."

மகுதூம் அவன் இரண்டு விரல்களையும் இறுக்கிப் பிடித்து ஒரு முறை குலுக்கினார். பேரம் முடிந்தது. ரூலனின் விரல் மறுபடி தட்டில் உட்கார்ந்தது.

"இந்த வீட்டில் யூதர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான் ரூலன்.

"இல்லை."

பட்டை தீட்டும் கல்லில் மயிரிழை பிசகாமல் உழைத்த கை அது. தட்டில் இருந்தது பொய் சொன்னவரின் நாடி அல்ல, கேட்டவனின் நாடி; அது துள்ளவில்லை. மணி ஊமையாக இருந்தது. சிப்பாய்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். ரூலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ருகையா கதவைத் தாழிட்டுத் திரும்பினாள். "மச்சான், பச்சைப் பொய் சொன்னிய. அது ஏன் அடிக்கல?"

மெண்டல் ஏணியில் பாதி இறங்கி நின்றார். "அதை விடுங்க ராத்தா. காக்கா, என்ன விலைக்கு முடிச்சீங்க?"

"ரெண்டு."

"நீலமா, கெம்பா?"

"ஆளுய்யா, ஆளு."

மெண்டலுக்கு அது போதும். பரணுக்குத் திரும்பி ஏறி, பின்னால் இடம் வர, தொட்டியைச் சுவரிலிருந்து விலக்கித் தள்ளினார். ஹன்னா மறுபக்கம் பிடித்தாள்.

அந்தி மயங்கும் வேளையில் பின்கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. மகுதூம் திறந்தார். அன்று மோதிரக் கல் வாங்கிய பெண். அவள் இடுப்பில் தூங்கும் குழந்தை. ரூலன் சொல்லிக்கொடுத்திருப்பான் போல. சால்வையின் முனையை அவர் கையின் மேல் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்தாள்.

மூன்று விரல்.

"மூணா?" மகுதூம் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ரெண்டுன்னுல்ல பேச்சு!"

அவளுக்குப் பின்னால், குப்பைத் தொட்டியின் நிழலிலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்தாள். அவள் அம்மாவாக இருக்கும். ஒரு காலில் செருப்பில்லை.

முகம் சிவக்க மகுதூம் உள்ளே திரும்பினார். "பாத்தீரா மெண்டல்? ரெண்டுன்னு பிடிச்சுட்டு மூணு அனுப்பியிருக்கான்! என்ன துணிச்சல் அவனுக்கு!"

பரணிலிருந்து, சிரிப்பை அடக்க முடியாத மெண்டலின் குரல் மெதுவாக வந்தது.

"அப்ப மணியைக் கூப்பிடுங்க காக்கா."

மகுதூம் ஒரு கணம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

"ஏமாத்திட்டான், படுபாவி," என்று முணுமுணுத்தபடி, கிழவியின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்.