எஞ்சினுக்கு அந்தப் பக்கம்

சக்கரம் ஒரு நூல்கூட அசையவில்லை. அதுதான் அடைக்கலசாமிக்குச் சரியாகப் படவில்லை.

ஓர் ஆள் பிடித்திருக்கிற சக்கரம் அசையும். எப்பேர்ப்பட்ட பலசாலி ஆரக்கால்களுக்கு நடுவே கடப்பாரையைக் கொடுத்து அழுத்தினாலும், ஸ்பானரை இழுக்கும்போது கொஞ்சம் இளகிக்கொடுத்துத்தான் நிற்கும். அன்னவாசல் ரைஸ்மில்லில் இத்தனை வருஷமாக எஞ்சின் பார்க்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

மண்ணெண்ணெய் நாற்றமும் ஈரத் தவிட்டு வாடையும் புழுங்கிக் கிடந்த அந்த இருட்டறையில், தகரக் கூரை மத்தியான வெயிலுக்கு டக் டக்கென்று முறுக்கிக்கொள்ள, தோள்வரை கையைச் சக்கரத்துக்குள் விட்டு உட்பக்கத்து போல்ட்டுகளைத் தடவித் தடவி இறுக்கிக்கொண்டிருந்தான். பிடிக்கிற ஆள் எஞ்சினுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாது. அதற்காகவே ஒரு வழக்கம் உண்டு. இறுக்குகிறவன் "பிடிச்சாச்சா?" என்று கேட்பான். அங்கிருந்து "ம்" வந்த பிறகுதான் ஸ்பானரை இழுப்பான்.

போன தவக்காலத்தில் அந்த "ம்" வருமுன்னே இவன் இழுத்துவிட்டான். சரியாக உட்காராத கடப்பாரை எகிறி, பிடித்திருந்த சந்தனசாமியின் நெஞ்சில் அடித்தது. ஆவூர் கல்லறையில் மண் போட்டபோது, செத்தவனின் அண்ணன் மரியசெல்வம் இவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. இன்றைக்கு அவனே வந்து, "நான் பிடிக்கிறேண்ணே" என்று அந்தப் பக்கம் போனான். அடப்பாவி, தம்பியைக் கொன்ற சக்கரத்தைப் பிடிக்க எவனுக்காவது மனசு வருமா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

சக்கரத்தின் ஒரு பக்கம் பாரமாக வைத்த எடைக்கட்டை மேலே நின்றது. பிடியை விட்டால் தடாலென்று சுழன்று கீழே வரும். இவன் கை தோளோடு போகும். பயமாக இருந்தது. வெளியே சொன்னால் வெட்கம், ஆனாலும் பயமாக இருந்தது.

"பிடிச்சாச்சா?"

"ம்."

இழுத்தான். அசையவில்லை.

மரியசெல்வம் பீடிக்காரன். இவ்வளவு நேரம் இருமாமல் எப்படி இருக்கிறான்? மூச்சுச் சத்தம்கூட இல்லை. சமயம் பார்க்கிறானோ?

"செல்வம், ஏதாச்சும் பேசேம்ப்பா."

"ம்."

"அண்ணே!"

இந்தக் குரல் வாசலிலிருந்து வந்தது.

மரியசெல்வம் வேர்க்க விறுவிறுக்க நின்றான். தோளில் கடப்பாரை.

"அங்கிட்டுக் கடப்பாரையக் காணோம்ணே. பின்வாசல் வழியாப் போயி, ரோட்டு வேலைக்காரங்ககிட்ட வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள ஏண்ணே கைய உள்ள விட்டீங்க? எந்தம்பி போனது போதும். ஒங்களுக்கும் ஒண்ணு ஆகிறக் கூடாதுன்னுதானே நானே பிடிக்க வந்தேன்!"



அப்படியானால் இவ்வளவு நேரம் "ம்" சொன்னது?

அடைக்கலசாமி கையை வெளியே இழுத்தான். மெதுவாக. சத்தமில்லாமல்.

உள்ளேயிருந்து ஜில்லென்று விரல்கள் வந்து மணிக்கட்டைப் பற்றின. ஒரு கை. பிறகு இன்னொரு கை.

பிடித்தவனின் இரண்டு கையும் இங்கே. சக்கரத்தைப் பிடிக்க இப்போது யாருமில்லை.

எஞ்சினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மரியசெல்வத்தின் தோளிலிருந்து கடப்பாரை நழுவி விழுந்தது.

"டேய் சந்தனம்... வேணாண்டா. அண்ணன் கும்புட்டுக் கேக்குறேன். அவர விட்டுர்றா!"

எடைக்கட்டை மெள்ளச் சாயத் தொடங்கியது. மணிக்கட்டில் பிடி தளரவில்லை.